தொழிற்சாலை வைக்காத வானொலி

பழைய ஜீப்பைப் புதுப்பிப்பவர்களிடையே ஒரு கொள்கை வேதவாக்காகிவிட்டது. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வேண்டும், பிறகு யார் எதை மாட்டியிருந்தாலும் அது குப்பை என்கிறார்கள். சென்னை, கோவை, பெங்களூரு ஆர்வலர்கள் சொல்லிவந்த இந்தப் பேச்சு இப்போது தேனி, போடி, கம்பம் பட்டறைகள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப் ஓய்ந்துபோனால் முன்பெல்லாம் காயலான் கடைக்குப் போகும். இப்போது அதற்கும் ஆள் வருகிறார். வந்தவர் முதல் வேலையாக டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் டேப் செட்டைப் பிடுங்குகிறார். அடுத்த வேலையாக ‘ஒரிஜினல் கம்பெனி ரேடியோ’ தேடி ஊர் ஊராகப் போன் போடுகிறார்.

இரண்டுமே தவறு என்கிறேன். ரசனை அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. வரலாற்றின் பெயரால் இதைச் செய்கிறார்களே, அந்த வரலாற்றில்தான் பிழை.

முதலில் எளிய உண்மையைச் சொல்லிவிடலாம். இவர்கள் தேடும் கம்பெனி ரேடியோ என்று ஒன்று நம் ஜீப்பில் இருந்ததே இல்லை. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் முதல் 75 வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிய காலத்திலிருந்து, பின்னால் உயரமான பானெட்டோடு வந்த சி.ஜே.3பி, அதன் பிறகு வந்த எம்.எம்.540 வரைக்கும் பாருங்கள். பொதுமக்களுக்கு விற்ற ஜீப்பின் டேஷ்போர்டு என்பது ஒரு தட்டையான தகடு. மீட்டர்கள், சாவித் துளை, சில சுவிட்சுகள், அவ்வளவுதான். வானொலிக்கென்று வெட்டிய துளையும் கிடையாது, ஸ்பீக்கருக்கு ஜாலியும் கிடையாது. கதவே இல்லாமல் படுதா போட்டு விற்ற வண்டியில் பாட்டுப் பெட்டி வைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

தேனிப் பக்கத்தில் ஜீப்பை முதலில் வைத்திருந்தவர்கள் யார்? பொதுப்பணித் துறை, வனத்துறை, மின்வாரியம், சில எஸ்டேட் முதலாளிகள். ஊராட்சி ஒன்றியங்கள் வந்த பிறகு வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப், அதாவது பி.டி.ஓ. ஜீப். கிராமத்தில் அரசாங்கம் வருகிறது என்பதற்கு அந்த ஜீப் கிளப்பிய புழுதிதான் அடையாளம். அதில் பைல் கட்டு இருந்தது, ஒரு தண்ணீர்க் கூஜா இருந்தது, ரேடியோ இல்லை. அந்த வண்டிகள் ஏலத்தில் கழிந்து தனியார் கைக்கு வந்தபோதும் ரேடியோ இல்லாமல்தான் வந்தன.

ராணுவ ஜீப்பைக் காட்டி ஒரு பதில் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க ஜீப்புகளில் ஒரு பகுதிக்கு வானொலித் தொடர்பே கதி என்பதால், பற்றவைப்புச் சுற்றிலிருந்து எழும் இரைச்சலை அடக்கும் வடிகட்டிகளும் உடலின் பாகங்களை இணைக்கும் செம்புப் பட்டைகளும் பொருத்தி அனுப்பினார்கள். பானெட்டில் எழுதிய எண்ணுக்குப் பின்னால் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால் அது அப்படி இரைச்சல் அடக்கிய வண்டி. உண்மைதான். ஆனால் அதில் வைத்தது பேசிக் கேட்கும் வயர்லெஸ். அந்த வகை வண்டி உங்கள் கையில் இருந்து, அதற்குரிய கருவியைத் தேடிப்பிடித்து உயிர்கொடுத்தால் கைகூப்புகிறேன். போடிமெட்டு மலைப்பாதையில் ஆள் ஏற்றிய ஜீப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிறகு இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. அங்கே 1966-இல் வந்த போர்டு பிராங்கோவிலும், டொயோட்டாவின் எப்.ஜே.40 லேண்ட் குரூசரிலும், இரண்டு குமிழும் நடுவே ஒரு அளவுகோலும் கொண்ட மத்திய அலை வானொலி கம்பெனியே தந்த பொருள். டேஷ்போர்டிலேயே அதற்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் பிற்காலத்து ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு அந்த வானொலியைத் தேடிப் பொருத்தினால் அதில் நியாயம் இருக்கிறது. நாம் அவர்களுடைய வண்டியையும் வாங்கவில்லை, அந்த வானொலியையும் வாங்கவில்லை. ஆசையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

அந்த ஆசை இங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். இல்லாத கம்பெனி ரேடியோவுக்குப் பதிலாக, கழிந்துபோன ஒரு பியட்டிலிருந்தோ அம்பாசிடரிலிருந்தோ கழற்றிய பழைய பிலிப்ஸ் அல்லது மர்பி கார் ரேடியோ வாங்குகிறார்கள். அது உட்கார ஜீப்பில் இடம் இல்லை. எனவே அரை நூற்றாண்டாக யாரும் கைவைக்காத தகட்டில், இரும்பு வாளால் செவ்வகமாக ஒரு துளை வெட்டுகிறார்கள். பழைய ஓட்டுநர் அந்தத் தகட்டைத் தொடவில்லை. டேப் செட்டை அடியில் ஒரு இரும்புப் பட்டையில் தொங்கவிட்டு இரண்டு போல்ட்டோடு முடித்துக்கொண்டார். தொழிற்சாலைத் தகட்டைக் காப்பாற்றியவர் அவர். தொழிற்சாலையின் பெயரைச் சொல்லிச் சொல்லியே அதை அறுத்தவர் புதுப்பிப்பாளர். இதற்கு மேல் நான் வாதாடவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல இன்னும் இருக்கிறது.

அறுத்து வைத்த அந்த ரேடியோ என்ன பாடும்? அறுபதுகளின் கார் ரேடியோ மத்திய அலை மட்டும் வாங்கும், அதிகம் போனால் சிற்றலையும் சேரும். அந்தக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்கு எது எட்டியது? திருச்சி நிலையம் 1939-இலேயே வந்துவிட்டது, திருநெல்வேலி 1963-இல். இரண்டும் தொலைவு. மேற்கே ஏலமலை, தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலையும் சூழ்ந்த பள்ளத்தாக்கில், பகலில் ஓடும் வண்டிக்குள் அவற்றைப் பிடிப்பது பெரும்பாடு. பக்கத்திலேயே இருக்கும் மதுரைக்கு வானொலி நிலையம் வந்தது 1987-இல்தான். போதாக்குறைக்கு அன்றைய ஜீப் பெட்ரோல் வண்டி. ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றும் பற்றும்போது ஒரு சிறு மின்னல், மத்திய அலையில் அது ‘டர்ர்ர்’ என்ற இரைச்சலாக வந்து விழும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். இரவில் நிலைமை வேறு. சூரியன் மறைந்ததும் மேல்வானத்தில் அலையை விழுங்கும் அடுக்கு கலைந்துவிடுவதால் தூரத்து நிலையங்கள் தெளியும், இலங்கை வானொலி கணீரென்று வரும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவையும் அப்துல் ஹமீதையும் நம் ஊர்க்காரர்கள் கேட்டது திண்ணையிலும் டீக்கடையிலும். ஜீப்பில் கேட்ட கதை மிக அரிது. வானொலிக்குத் தபால் நிலையத்தில் உரிமம் எடுத்து ஆண்டுதோறும் பணம் கட்டிய காலம் அது. கட்டணத்தையும் கட்டி, இரைச்சலையும் சகித்து, படுதா ஜீப்பில் வானொலி வைத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

இன்றைய நிலை இன்னும் வேடிக்கை. இந்த வட்டாரத்தில் வானொலி என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். மலையுச்சியில் ஒலிபரப்பி இருப்பதால் சமவெளியில் பல மாவட்டங்களுக்கு அது இறங்கிப் பாய்கிறது. அதை வாங்க பண்பலைப் பெட்டி வேண்டும். இவர்கள் தேடிப்பிடித்த மத்திய அலைப் பெட்டிக்கு அது கேட்கவே கேட்காது. மத்திய அலை ஒலிபரப்பிகளோ நாடு முழுக்க ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கின்றன. ஆக, முன்பும் இங்கே பெரிதாகப் பாடாத பெட்டி, இப்போதும் பாடாத பெட்டி. அதை வைத்ததற்குப் பெயர் புதுப்பித்தல்.

இனி பிடுங்கி எறிந்த பொருளைப் பற்றிப் பேசுவோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் ஜீப்புக்கு ஒரு தொழில் உண்டு. 1956-இல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போயின. தோட்டம் அந்தப் பக்கம், உழைக்கும் கை இந்தப் பக்கம். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றியோ ஜீப்புகள் ஏறும். ஏலக்காய் பறித்து முடிந்ததும் அதே ஜீப், அதே பெண்கள், இறக்கம். சட்டம் சொல்லும் எண்ணிக்கைக்கு மேல்தான் எப்போதும் ஆள் இருக்கும், அதனால் நடந்த விபத்துகளும் ஊருக்குத் தெரியும். அந்த நெரிசலை நான் அழகுபடுத்தவில்லை. ஆனால் இந்த ஓட்டம்தான் இங்கே ஜீப்பை உருவாக்கியது. நீளம் கூட்டியது, பின்னால் கம்பி வைத்தது, மேலே கேரியர் வைத்தது எல்லாம் இதற்காகத்தான். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சின் ஏறியதும் இதற்காகவே.

டீசல் ஏறியதில் ஒரு நன்மை தானாக வந்தது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தில் தானாகப் பற்றுகிறது. எனவே பழைய பற்றவைப்பு இரைச்சலும் போயிற்று. எஞ்சின் சத்தம் மட்டும் பல மடங்கு கூடிற்று. அதை மீறிக் கேட்க வேண்டுமானால் சத்தமாகப் பாடும் செட்டு வேண்டும், பின் பக்கம் கூரைக் கம்பியில் கட்டிய பெரிய ஸ்பீக்கர் வேண்டும். எண்பதுகளில் கேசட் மலிந்தபோது இரண்டும் கிடைத்தன. வளைகுடாவிலிருந்து வந்தவர் கொண்டுவந்ததோ, மதுரையில் வாங்கியதோ, தேனியில் யாரோ பூட்டிக் கொடுத்ததோ, எப்படியோ ஒரு செட்டு ஜீப்புக்கு வந்தது. இந்த மலைப்பாதைகளில் ஜீப் பாடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

எதைப் பாடியது என்பதும் சாதாரண விஷயமில்லை. உத்தமபாளையம் வட்டாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் முதல் படம் ‘அன்னக்கிளி’ 1976-இல் வந்தது. அதற்கு முன்பே அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு பொதுவுடைமை மேடைகளில், தோட்டத் தொழிலாளர் நடுவில், பாடித் திரிந்தவர். அந்தத் தம்பியின் பாட்டு பிறகு கேசட்டில் ஏறி, அதே தோட்டங்களுக்குப் போகும் அதே மனிதர்களோடு ஜீப்பில் மலையேறியது. ஒரு வட்டாரத்தின் இசை, அதன் உழைப்பு, அதன் பாதை மூன்றும் ஒரு இயந்திரத்தில் வந்து சேர்ந்த இடம் அந்த டேப் செட்டு. அதைத்தான் ‘பின்னால் மாட்டிய குப்பை’ என்கிறார்கள்.

கேசட்டே ஒரு ஆவணம். கடையில் விற்ற எக்கோ நிறுவனக் கேசட்டை விட, பதிவு செய்து வாங்கியதற்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதி மியூசிக்கல் கடையில் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு வந்தால், இரண்டொரு நாளில் பதிந்து அட்டையில் பட்டியலும் எழுதித் தருவார்கள். ஏற்றத்துக்கு ஒரு பக்கம், இறக்கத்துக்கு மறு பக்கம் என்று வகுத்துவைத்த ஓட்டுநர்களும் உண்டு. எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்று ஒரு மனிதர் யோசித்து எழுதிய அந்த அட்டை, எந்தத் தொழிற்சாலைக் கையேட்டிலும் இல்லாத தகவல்.

‘அளவுகோல் வேண்டாமா?’ என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. தொழிற்சாலை நிலை என்று வைத்தால் ஒரு உறுதியான தேதி கிடைக்கிறது. அவரவர் மாட்டியதையெல்லாம் ஒப்புக்கொண்டால், நேற்று மாட்டிய நீல விளக்கும் வரலாறாகிவிடுமே என்கிறார்கள். மதிக்கத்தக்க கேள்விதான். ஆனால் இதற்கு உலக அளவில் ஏற்கனவே விடை சொல்லியாகிவிட்டது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான பீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், ஒரு வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி என்றும், அதை உற்பத்தித் தேதிக்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. அதற்கு முன்னோடி, கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம். எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும், ஒரே பாணியில் கொண்டுவந்து நிறுத்துவது புதுப்பித்தலின் நோக்கம் அல்ல என்பதை அது அன்றே எழுதிவைத்தது. வெளிநாட்டைப் பார்த்துத்தான் நடப்போம் என்பவர்கள் வெளிநாட்டுச் சாசனத்தையாவது படிக்கலாம்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துப் ‘பழைய பொலிவு’ கொண்டுவந்தபோது கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின, எதிர்ப்புக் கிளம்பியது. சோழன் கட்டிய சுவரில் பாண்டியன் வெட்டிய எழுத்து பிற்சேர்க்கை என்று யாரும் வாதாடவில்லை. ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் திருகாணித் துளை, ஒட்டுப் போட்ட வயர், கூரைக் கம்பியில் ஸ்பீக்கர் கட்டிய தழும்பு எல்லாம் அந்த வகை எழுத்துதான்.

நீல விளக்குக்கு வருகிறேன். வண்டி தன் தொழிலைச் செய்த காலத்தில், அந்தத் தொழிலுக்காக மாட்டியது வரலாறு. தொழில் முடிந்த பிறகு அலங்காரத்துக்கு மாட்டியது அலங்காரம். எல்லை இதைவிடச் சிக்கலாக இருக்கும் வண்டிகளும் உண்டு, அங்கே பார்த்து முடிவு செய்ய வேண்டும். பார்த்து முடிவு செய்யும் சிரமத்துக்குப் பயந்துதானே ‘கம்பெனியில் வந்தபடி’ என்ற ஒற்றை விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள்? அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. ஏறியிருக்கும் டீசல் எஞ்சினை இறக்கி பழைய பெட்ரோல் ஹரிகேன் எஞ்சினை ஏற்ற எத்தனை பேர் தயார்? செலவு வரும் இடத்தில் வரலாறு வளைந்துகொடுக்கிறது, டேப் செட்டிடம் மட்டும் விறைத்து நிற்கிறது.

‘அது ஒரு சாதாரண செட்டு, ஆயிரக்கணக்கில் வந்த சரக்கு’ என்பது இன்னொரு வாதம். ஆயிரக்கணக்கில் வந்தது உண்மை, எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அரிய பொருளை எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். சாதாரணப் பொருள்தான் யாரும் பார்க்காத நேரத்தில் முற்றாகக் காணாமல் போகிறது.

மறுமுனையில் இன்னொரு கூட்டம், தொடுதிரையும் புளூடூத்தும் வைத்துவிட்டால் போதும் என்கிறது. இவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, பொய் சொல்லவில்லை என்பதால். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஜீப்புக்காரர் பிழைப்புக்காக அதைச் செய்கிறார், செய்யட்டும். அந்த மலைமுகட்டில் சூரியோதயத்தின்போது மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. பழைய பெட்டியின் முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே புளூடூத் பலகை வைப்பவர்களும் உண்டு. பழைய பலகையை அறுக்காமல் கழற்றி எடுத்து வைத்திருந்தால் அதையும் மன்னிக்கலாம்.

அந்த டேப் செட்டை உயிர்ப்பிப்பது அவ்வளவு கடினமும் இல்லை. பெரும்பாலானவற்றில் செத்துப்போயிருப்பது ரப்பர் பெல்ட் மட்டுமே. வருடக்கணக்கில் கிடந்த பெல்ட் தார்போல உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் முழுதும் துடைத்தெடுத்த பிறகே புது பெல்ட் போட வேண்டும், மிச்சம் இருந்தால் வேகம் தள்ளாடும். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தால் மாற்ற வேண்டும், இல்லையேல் அது நாடாவைத் தின்னும். பிறகு ஹெட்டைத் துடைத்து, அதன் பக்கத்துச் சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, உச்ச ஒலிகள் தெளியும் இடத்தில் நிறுத்த வேண்டும். காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றினால் ‘கும்’ என்ற அடியொலி திரும்பும். ஆம்ப்ளிபையர் ஐ.சி. போயிருந்தாலும் பயமில்லை. டி.டி.ஏ.2003 போன்ற பழைய எண்கள் இன்றும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். வயர் பழையது என்றால் பியூஸ் இல்லாமல் இணைக்கக் கூடாது, படுதா வண்டி சட்டென்று பற்றும்.

உண்மையான பழைய கார் ரேடியோ ஒன்று வைத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை. அதன் உள்ளமைப்பே தனி. வீட்டு ரேடியோவில் நிலையம் பிடிக்க உலோகத் தகடுகள் சுழலும். வண்டியின் குலுக்கலில் அந்தத் தகடுகள் அதிரும் என்பதால், கார் ரேடியோவில் சுருளுக்குள் பெரைட் குச்சி முன்னும் பின்னும் நகரும்படி செய்தார்கள். அருமையான வேலை அது. அதை மேசைமேல் வைத்து, பன்னிரண்டு வோல்ட் கொடுத்து, ஒரு ஏரியல் கட்டி இரவில் கேளுங்கள். சம்பந்தமில்லாத ஜீப்பின் தகட்டை அறுத்து அதற்குள் புதைத்தால் இரண்டு பொருளும் கெட்டுப்போகின்றன.

தேனி மாவட்டத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைப் பட்டறையில் விடுமுன் டேஷ்போர்டையும் வயர் போகும் வழியையும் ஸ்பீக்கர் கட்டிய இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். செட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் எறியாமல், அதன் பட்டை, போல்ட், கேசட்டுகளோடு ஒரு பெட்டியில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். பழைய ஓட்டுநர் இருந்தால், எந்த வருஷம், எந்தக் கடையில், யார் மாட்டிக் கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டுநர்களில் பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.